வழிநடைப் பாத்தியம்

தை மாதத்து விடியலில் தேரூர்க் குளத்தங்கரையில் நின்றால் முதலில் காதில் விழுவது பறவைச் சத்தம் இல்லை. மடைவாயில் தண்ணீர் இறங்கும் சத்தம். இருட்டில் அது மட்டும்தான் இருக்கும். வெளுக்க வெளுக்க மற்றவை வந்து சேரும். தாமரை இலைக் கூட்டத்துக்குள்ளிருந்து நீலத் தாழைக்கோழி கரகரத்த குரலில் ஏதோ சண்டை பிடிக்கும். முக்குளிப்பான் நடுக்கத்தோடு கூவிவிட்டு முங்கும். நீர்க்காகம் ஒன்று பட்டுப்போன மரக்கொம்பில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும். தென்கிழக்கே மருந்துவாழ் மலை பனிக்குள்ளிருந்து மெல்ல வெளியே வரும்.

சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு காலையில் நான் பைனாகுலரும் நோட்டுமாக நின்றிருந்தேன். மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு பெரியவர் கரையில் வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"என்ன மக்கா, கொக்கு எண்ண வந்தியோ?"

"ஆமா பாட்டா."

"எண்ணு, எண்ணு. நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு மடைப்பக்கம் இறங்கினார். மடைவாயில் ஆகாயத்தாமரையும் வைக்கோல் சண்டும் ஒரு பிளாஸ்டிக் சாக்கும் சேர்ந்து அடைத்துக் கிடந்தன. மண்வெட்டியால் இழுத்து இழுத்துக் கரையில் போட்டார். தண்ணீரின் சத்தம் மாறியது. அவர் மேலே ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "குளத்துல தண்ணி நிண்ணாப் போதாது மக்கா. வரணும், போவணும். போக்கு இல்லேன்னா அது குளம் இல்ல, குட்டை."

அன்று எத்தனை பறவை எண்ணினேன் என்பது நோட்டில் இருக்கும். நோட்டு எங்கே என்று தெரியவில்லை. அந்தப் பேச்சு மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் பஸ்ஸில் போகிற யாரும் சுசீந்திரம் குளத்தைப் பார்க்காமல் போக முடியாது. சாலையை ஒட்டியே கிடக்கிறது. அதற்கு அந்தப்பக்கம் தேரூர்க் குளம். இரண்டையும் சேர்த்து 2022ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலமாக அறிவித்தார்கள். பரப்பு 94 ஹெக்டேருக்குக் கொஞ்சம் கூடுதல். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்ற இந்தக் குளத்தைப் பற்றிய குறிப்பில், இங்கே சுமார் 250 வகைப் பறவைகள் உண்டு என்றும் அவற்றில் 53 வலசை வருபவை என்றும் எழுதியிருக்கிறார்கள். அதே குறிப்பில் இன்னொரு தகவலும் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. இது மனிதர் வெட்டிய குளம்.

காடு இல்லை, கழிமுகம் இல்லை. நெல்லுக்காக வெட்டிய குளம். 9ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டில் இந்தப் பகுதியின் குளங்கள் பெயர் பெயராக வருகின்றன. பசுங்குளம், வெஞ்சிக்குளம், பெருங்குளம் என்று. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பெயர்களில் ஒரு ஈரம் இருக்கிறது. பசுங்குளம் என்று பெயர் வைத்தவன் எந்த மாதத்தில், எந்தக் கரையில் நின்று அதைப் பார்த்திருப்பான் என்று யோசிப்பேன். அவன் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்தது தண்ணீரா, தண்ணீருக்கு அப்பால் கிடந்த வயலா?

நாஞ்சில் என்றால் கலப்பை. கலப்பையின் பெயரை நாட்டுக்கு வைத்துக்கொண்டவர்கள் நாங்கள். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் தொடுகிற மண் இது. அதனால் இரண்டு பூ. சித்திரை வைகாசியில் தொடங்குவது கன்னிப்பூ, புரட்டாசி ஐப்பசியில் தொடங்குவது கும்பப்பூ. விளைச்சலைப் 'பூ' என்று சொல்கிற வழக்கம் எங்கள் பாட்டன்மாருக்கு எப்படி வந்ததோ, அந்தச் சொல்லுக்காகவே அவர்களைக் கும்பிடலாம். இந்த இரண்டு பூவுக்கும் தண்ணீர் கொடுக்கத்தான் மாவட்டம் முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள். மேட்டுக் குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து பள்ளத்துக் குளத்துக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. கடைசியில் எல்லாம் வடிந்து பழையாற்றில் சேர்ந்து மணக்குடிப் பொழிமுகத்தில் கடலுக்குள் போகும். ஒரு குளமும் தனக்காக மட்டும் நிறைவதில்லை.

பழையாறு பெரிய ஆறு அல்ல. மலையில் பிறந்து, பூதப்பாண்டி, கோட்டாறு, சுசீந்திரம் என்று வந்து மணக்குடியில் முடிவதற்குள் அது ஓடுகிற தூரம் 40 கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு வயலுக்கு அந்தத் தண்ணீர் எப்படிப் போதும்? போதவில்லை. அதனால்தான் மேற்கே ஓடுகிற பறளியாற்றுத் தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவரப் பாண்டியன் கால் வெட்டினார்கள். பின்னாளில் கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை எழுந்தது. 1897இல் தொடங்கிய வேலை 1906இல் முடிந்தது. கட்டிய என்ஜினீயர் மிஞ்சினை இந்த ஊர்ச்சனம் 'மூக்கன் துரை' என்று கூப்பிட்டது. அவர் கல்லறை அணைக்கட்டின் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கோ பிறந்தவர், தான் கட்டிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இங்கே கிடக்கிறார். ஜூன் 1ஆம் தேதி அணை திறப்பதும், பிப்ரவரி கடைசியில் அடைப்பதும் எங்களுக்குப் பண்டிகை நாள்களைப் போல மனப்பாடம்.

பறவை பார்க்கத் தொடங்கிப் பல வருஷம் கழித்துத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. பறவைகளுடைய பஞ்சாங்கமும் இதுவேதான். குளம் நிறைந்து ததும்பும்போது நீந்துகிற பறவைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் நடந்து இரை தேடுகிற நெடுங்கால் உள்ளானுக்கும், சேற்றைக் குத்திப் பார்க்கிற அரிவாள் மூக்கனுக்கும், சின்னச் சின்ன உள்ளான்களுக்கும் முழங்கால் ஆழத் தண்ணீர் எதற்கு? அவற்றுக்குத் தண்ணீர் வடிய வேண்டும். வடிந்து, கரையோரச் சேறு வெளியே தெரிய வேண்டும். கும்பப்பூ வயலுக்காக மடையைத் திறந்து திறந்து விட, தையிலும் மாசியிலும் குளத்தின் விளிம்பு நாளுக்குநாள் உள்வாங்கும். அந்த ஈரச் சேற்றில் புழுவும் நத்தையும் பூச்சியும் இருக்கும். எதிரே, அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல் கிடக்கும். தொளி உழுகிற காலத்தில் டிராக்டர் பின்னாலேயே உண்ணிக்கொக்கும் குருட்டுக்கொக்கும் வரிசை கட்டி நடப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். நத்தைகுத்தி நாரைக்கு அலகின் நடுவே ஓர் இடைவெளி உண்டு. வயல் நத்தையைக் கவ்வித் தின்பதற்கென்றே அமைந்த அலகு போலிருக்கும். விவசாயி கையால் எடுத்துக் களைய வேண்டியதை அது தின்கிறது.

மடையைத் திறந்தவன் உள்ளானை நினைத்துத் திறக்கவில்லை. தன் பயிரை நினைத்துத் திறந்தான். ஆனாலும் உள்ளானுக்குச் சாப்பாடு கிடைத்தது. இதை வெறும் தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஒரு வேலையை அதன் முறைப்படி, காலம் தவறாமல், பல தலைமுறை செய்துகொண்டே வந்தால் அந்த வேலையைச் சுற்றி மற்ற உயிர்களும் தங்கள் வாழ்க்கையை அமைத்துக்கொள்கின்றன. அவற்றை நாம் அழைத்திருக்கவே வேண்டாம்.

வருகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேரூருக்கு வரும் பறவையெல்லாம் சைபீரியாவிலிருந்து வருவதாக ஒரு பேச்சு உண்டு. மஞ்சள் மூக்கு நாரையைக் காட்டிக்கூட அப்படிச் சொல்வார்கள். அது நம் நாட்டுப் பறவைதான். கூழைக்கடாவும் அப்படியே. நெல்லைச் சீமையின் கூந்தன்குளம் போன்ற ஊர்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, மழையும் மீனும் பார்த்து ஊர் ஊராகப் போய்வருகிற ஜாதி. உண்மையிலேயே தூரதேசத்திலிருந்து வருபவை அளவில் சின்னவை. நீலச்சிறகி என்று ஒரு வாத்து. உள்ளங்கையில் தாங்கலாம் போல இருக்கும். ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடபகுதியிலும் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் வருவதற்கு முன் புறப்படும். ஊசிவால் வாத்து, பொரி உள்ளான், தண்ணீருக்கு மேல் எந்நேரமும் பறந்துகொண்டே இருக்கும் மீசை ஆலா என்று கூட்டாளிகள் பலர். இவை வருகிற தடத்துக்கு மத்திய ஆசியப் பறவைத்தடம் என்று பெயர். வடக்கே ஆர்க்டிக் கரையிலிருந்து தெற்கே இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகளுக்கு மேலாகக் கிடக்கும் பாதை. அந்தப் பாதை இந்திய மண்ணில் முடிகிற இடம் நம்முடையது. இதற்குத் தெற்கே கடல். கடலுக்கப்பால் இலங்கை.

அந்தப் பாதையில் கல் நட்டு வைத்தவர் யாருமில்லை. முள்வேலியும் சோதனைச்சாவடியும் கீழே கிடக்கின்றன. மேலே ஒரு வாத்து தன் தாய் வந்த வழியில் வருகிறது. அந்த வழி எதனால் ஆனது? வானத்தால் ஆனது என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். இல்லை. இடையிடையே இறங்கி இளைப்பாறி இரை எடுக்க ஒரு குளம், ஒரு சதுப்பு, ஒரு வயல் என்று தரையில் இருக்கிற ஈரப் புள்ளிகளால் ஆனது அது. கஜகஸ்தானத்து ஏரி ஒன்று வற்றினால் தேரூரில் ஒரு வரிசை குறையும். தேரூர் தூர்ந்தால் வடக்கே எங்கோ ஒரு நாணல் காட்டில் கூடு ஒன்று குறையும். எங்கள் மடையை மண்வெட்டியால் சுத்தம் பண்ணிய பெரியவர் அந்த நாணல் காட்டுக்கும் காவல் நின்றவர்தான். அவருக்கு இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

'வழி' என்ற சொல்லோடு எங்கள் ஊர் நெடுநாள் மல்லுக்கட்டியிருக்கிறது. 1876இல் இதே தேரூரில் பிறந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. வாணன்திட்டு மடத்தில் சாந்தலிங்கத் தம்பிரானிடம் தமிழ் கற்றவர். குழந்தைகளுக்காகப் பசுவையும் கன்றையும் காக்கையையும் பாடியவர் என்றுதான் தமிழ்நாடு முழுக்க அவரைத் தெரியும். கல்வெட்டும் செப்பேடும் தேடி அலைந்து காந்தளூர்ச்சாலையைப் பற்றி ஆராய்ச்சி எழுதியவரும் அவர்தான். ஆனால் நாஞ்சில் நாட்டுக்காரர்கள் அவரை நினைக்கிறபோது முதலில் நினைப்பது 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்'.

மருமக்கள் வழி என்றால், ஒருவர் சொத்து அவர் பிள்ளைகளுக்குப் போகாது. அக்கா தங்கை மக்களுக்குப் போகும். அவர் கண்மூடிய மறுநாள் மனைவியும் மக்களும் அந்த வீட்டில் விருந்தாளிகள். உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு கொடுப்பது உண்டு. அதற்கும் வழக்கும் வம்பும். கேஸ் நடத்தியே வயலைத் தொலைத்த குடும்பங்கள் ஏராளம். கவிமணி அதை ஒரு பெண்ணின் வாயால் சொல்ல வைத்தார். சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்குகிறவர்கள் பாதியில் சிரிப்பு அடங்கிப்போவார்கள். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறைக்கு முடிவு கட்டியது.

எங்கள் ஆச்சி அந்தக் காலத்தின் வாலைப் பார்த்தவள். அவள் அம்மை, கணவன் இறந்த பிறகு மூன்று பிள்ளைகளோடு ஓர் உரலையும் இரண்டு பித்தளைப் பானையையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். "வண்டி குளத்தங்கரை வழியாத்தான் வந்துது. அம்மை திரும்பியே பாக்கல்ல. நான்தான் பாத்தேன், குளம் நிறைய தாமர" என்பாள் ஆச்சி. அதற்குமேல் சொன்னதில்லை.

யோசித்துப் பார்த்தால் மருமக்கள் வழியிலும் ஒரு காலத்தில் ஏதோ நியாயம் இருந்திருக்கும். பெண் வழியில் குடும்பம் சிதறாமல் நிற்க அது உதவியிருக்கும். ஆனால் வழி என்பது நடப்பதற்கு. அதில் நடக்கிறவர்களை விட்டுவிட்டு வழியை மட்டும் காப்பாற்றப் பார்த்தபோது அது சுவராகிவிட்டது.

இன்னொரு சுவரைப் பற்றியும் சொல்லாமல் இந்த ஊரின் கதை முடியாது. தேரூர்க் கரையிலிருந்து பார்த்தால் சுசீந்திரம் கோபுரம் தெரியும். 7 நிலை, 134 அடி. தாணு, மால், அயன் மூவரும் ஒன்றாக இருக்கிற தாணுமாலயன் கோயில். தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரம் சொல்லும் கல்தூண்கள், 18 அடி ஆஞ்சநேயர், காலத்தால் காய்ந்துபோன கொன்றை மரம் என்று அங்கே பார்க்க எவ்வளவோ உண்டு. இந்திரன் வந்து தன் பாவம் கழுவிச் சுத்தமான இடம் என்பதால் சுசீந்திரம் என்று பெயர் வந்ததாகப் புராணம். அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு காலத்தில் எல்லாரும் நடக்க முடியாது. உள்ளே போவதைப் பற்றிய பேச்சே இல்லை, தெருவில் நடப்பதற்கே தடை. தொளி மிதித்தவர்கள், நாற்று நட்டவர்கள், குளம் தூர்வாரியவர்கள், அந்த நெல்லில் பொங்கிய நைவேத்தியத்தின் வாசனை வருகிற தெருவுக்குள் கால்வைக்கக் கூடாது.

1926இல் இங்கே சத்தியாக்கிரகம் நடந்தது. வைக்கத்தில் நடந்ததற்கு அடுத்து. நாகர்கோவிலில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்றார். 1930இல் மறுபடியும். கேட்டது பெரிய சொத்து ஒன்றுமில்லை. நடக்க வழி. 1936 நவம்பர் 12ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டபோதுதான் அந்தத் தெருவும் அதன் நடுவே இருந்த வாசலும் எல்லாருக்குமாயின. ஊரே ஒரு மூச்சுவிட்டது போலிருந்தது என்று அதைப் பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டவர்களிடமிருந்து நான் கேட்டிருக்கிறேன்.

அதற்கும் நூறு வருஷம் முன்னால், சுசீந்திரத்திலிருந்து வெகுதூரம் இல்லாத சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் ஒரு கிணறு வெட்டினார். முத்திரிக்கிணறு. எந்த ஜாதிக்காரரும் வந்து அதே தண்ணீரை எடுக்கலாம், அதே தண்ணீரில் குளிக்கலாம், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். அவர் 1809இல் பிறந்து 1851இல் மறைந்தவர். மேல்சட்டை போடவும் தலைப்பாகை கட்டவும் உரிமை இல்லாத ஜனங்களுக்கு நடுவே வாழ்ந்தவர். அவர்களுக்குப் பெரிய விடுதலையைப் பற்றிச் சொன்னவர், அதைத் தொடங்கிய இடங்களில் ஒன்று ஒரு கிணறு. நாஞ்சில் நாட்டில் எதைச் சொல்ல வந்தாலும் அது தண்ணீரில் வந்து நிற்கிறது.

மேலே தடையில்லாமல் நீலச்சிறகி வந்து இறங்கிய அதே வருஷங்களில், கீழே ஒரு மனிதன் பத்தடி தெருவைக் கடக்க முடியாமல் நின்றான். இந்த இரண்டையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். பறவையைப் பாராட்டிவிட்டு மனிதனை மறப்பது சரியில்லை. இதில் பறவைக்கு ஒரு குற்றமும் இல்லை. அது நமக்கு ஒரு பாடமும் சொல்ல வரவில்லை. பசிக்கு வந்தது. பாடம் எங்கிருந்தாவது வருமென்றால் அந்தப் பெரியவரின் மண்வெட்டியிலிருந்து வரட்டும். போக்கு இல்லாவிட்டால் குட்டை.

தமிழில் வழி என்றால் பாதை. வழி என்றால் வம்சம். வழி என்றால் உபாயமும்தான். குளம் நிறைந்து கரை மேவினால் 'வழிகிறது' என்கிறோம். இந்தச் சொற்களெல்லாம் ஒரே வேரில் பிறந்தவையா என்று மொழி படித்தவர்கள் சொல்லட்டும். குளத்தங்கரையில் நிற்கிறவனுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது. ஒரு குளத்தின் வேலை தண்ணீரைப் பிடித்து வைப்பது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பாதிதான் சரி. பிடித்து வைத்து, வேண்டிய நேரத்தில், வேண்டியவர்களுக்கு, அளவோடு விடுவதுதான் அதன் முழு வேலை. அதற்குத்தான் மடை. அதற்கும் மிஞ்சியதை அடுத்த குளத்துக்குக் கொடுக்கத்தான் மறுகால். மறுகால் இல்லாமல் குளம் வெட்டுகிறவன் கரை உடைவதற்காகவே வெட்டுகிறான். குடும்பமும் அப்படித்தான், கோயிலும் அப்படித்தான். ஓர் ஊரில் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுத்து அந்த ஊரை நாம் புரிந்துகொள்ள முடியாது. அதன் வழியாக எதெல்லாம் வந்து எதெல்லாம் போக முடிகிறது, அங்கேதான் அதற்கு உயிர்.

இப்போது ராம்சர் என்கிற பெயர்ப்பலகை வந்துவிட்டது. எனக்கு மெய்யாகவே சந்தோஷம். குளத்தில் யாரும் குப்பை கொட்டத் தயங்குவார்கள், தூண்டிலும் கண்ணியும் குறையும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்ப்பார்கள். ஆனால் கவலையும் இருக்கிறது. குளத்தைச் சுற்றிக் கோடு போட்டுக் காப்பாற்றிவிடலாம், குளத்துக்கு வருகிற காலையும் குளத்திலிருந்து போகிற வயலையும் கோடு போட்டுக் காப்பாற்ற முடியாது. ஏலாவில், அதாவது வயல்வெளியில், ஒரு கண்டத்தில் நேந்திரன் வாழை வைக்கிறார்கள். அடுத்த கண்டத்தில் தென்னை. அதற்கடுத்த கண்டத்தில் மண் லாரி வந்து கொட்டுகிறது, நான்கு மூலையிலும் கல் நடுகிறார்கள், பிளாட் ஆகிறது. யாரையும் குறை சொல்ல மாட்டேன். நெல் விளைவித்துப் பிள்ளையைப் படிக்கவைக்க முடியாது என்று ஆனபிறகு ஒருவன் வயலை விற்றால் அவனை எப்படிக் குறை சொல்வது? ஆனால் வயல் போனால் மடையைத் திறக்க ஆள் இல்லை. மடை திறக்காவிட்டால் சேறு வெளிப்படாது. குளம் நிறைந்தே கிடக்கும், ஆகாயத்தாமரை மூடும், சாக்கடை வந்து சேரும். தேரூரில் சுமார் பத்தாயிரம் ஜனங்கள், அவர்களில் நான்கில் மூன்று பங்குப் பேருக்குக் குளத்துத் தண்ணீரில் செய்கிற விவசாயம்தான் பிழைப்பு என்று அந்த ராம்சர் குறிப்பே சொல்கிறது. குளத்துக்கு உண்மையான காவல் அந்த நான்கில் மூன்று பங்குதான். அவர்கள் நெல்லுக்கு நல்ல விலை கிடைப்பதும் பறவைக்குச் செய்கிற உதவிதான் என்று நான் நினைக்கிறேன். இதைச் சொன்னால் பறவை நண்பர்களில் சிலர் என்னை விசித்திரமாகப் பார்க்கிறார்கள்.

போன வருஷம் எங்கள் குடும்பத்தில் பாகம் பிரித்தோம். அப்பா இருந்தவரை பேச்சே எடுக்கவில்லை. அவர் போனபிறகு அண்ணனுக்கும் எனக்கும் தங்கைக்கும் இருந்த கொஞ்ச வயலை மூன்றாகப் பிரித்து எழுத வேண்டியிருந்தது. தங்கைக்கும் சமபங்கு. ஆச்சியின் அம்மை ஏறிவந்த மாட்டுவண்டியை நினைத்துக்கொண்டு நான் அதில் கையெழுத்துப் போட்டேன். பழைய பிரமாணத்தை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்தோம். முத்திரைத்தாள் மஞ்சளித்து மடிப்பில் கிழிந்திருந்தது. விதைப்பாட்டுக் கணக்கு, நான்கெல்லை, பனை இத்தனை, மா இத்தனை என்றெல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வரி: மாமூல் வழிநடைப் பாத்தியமும் நீர்ப்பாய்ச்சல் பாத்தியமும் உள்பட.

நான் அந்த வரியில் அப்படியே நின்றுவிட்டேன். எழுதியவர் யாரோ ஓர் ஆதார எழுத்துக்காரர். வழக்கப்படி எழுதியிருப்பார், நூறு பிரமாணத்தில் எழுதிய வரி. ஆனாலும் நிலத்தை ஒருவனுக்கு எழுதிக் கொடுக்கும்போதே, அந்த நிலத்தின் மேலாக மற்றவன் நடப்பதற்கும் மற்றவன் தண்ணீர் பாய்வதற்கும் இடம் விட்டு எழுதியிருக்கிறார். நாம் எதை வாங்கினாலும் அதனூடே போகிற வழி நமக்குச் சொந்தமாகாது என்று அந்த வரி எனக்குச் சொன்னது போலிருந்தது.

புதிய பத்திரத்தின் நகல் வந்தது. கம்ப்யூட்டரில் அடித்த சுத்தமான எழுத்து. சென்ட் கணக்கு, சர்வே எண், நான்கெல்லை எல்லாம் சரியாக இருந்தன. அந்த வரி மட்டும் இல்லை. அண்ணன் பங்கில் கிழக்கோரமாக ஒரு சின்னக் கால் ஓடும். அது எங்கள் வயலைத் தாண்டிக் கீழே இன்னும் நான்கு பேருடைய கண்டத்துக்குப் போகும். அந்த நான்கு பேரில் இரண்டு பேர் வயலை விற்றுவிட்டார்கள். கால் புல் மண்டிக் கிடக்கிறது.

"அந்த வழிநடை, நீர்ப்பாய்ச்சல் வரியைச் சேத்திருங்க அண்ணாச்சி" என்றேன்.

எழுத்துக்காரர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இப்ப எல்லாம் ஆரும் கேக்கதில்ல. அந்தக் கால்ல தண்ணி ஓடுதா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். வைகாசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஜூன் 1க்குப் பேச்சிப்பாறை திறப்பார்கள். அதற்குள் இரண்டு ஆள் சேர்ந்தால் ஒரு பகலில் புல்லை வெட்டி எடுத்துவிடலாம்.

"மண்வெட்டி வீட்டுல இருக்கா?" என்று அண்ணன் என்னிடம் கேட்டான். பிறகு எழுத்துக்காரரைப் பார்த்து, "ஓடும், எழுதுங்க" என்றான்.